இலையின் அகலப் பக்கம்

சித்திரை வெயில் ஜன்னல் வழியாக மேசை மீது ஏறுகிறது. கூடவே இரண்டு வேப்பம்பூ. துடைக்கிறேன். மறுபடி இரண்டு.

இன்று சிவரஞ்சனி சாப்பிட வருகிறாள். என் மகன் கட்டிக்கொள்ளப் போகும் பெண். இதற்கு முன் இரண்டு முறை வந்தாள். இரண்டு முறையும் காபியோடு எழுந்துவிட்டாள். பசியில்லையாம். இருபத்தாறு வயதில் பசிக்காத பெண்ணா? எனக்கு மண்டை குடைந்தது.

மகனைப் பிடித்துக் கேட்டேன். "அவ எடது கைலதாம்மா சாப்புடுவா. நாலு பேரு முன்னாடி வெக்கப்பட்டுட்டு வலது கைல பெசைவா. பாதி வயித்தோட எந்திரிச்சுருவா."

அவ்வளவுதானா? அவ்வளவுதான். ஆனால் பாதி வயிற்றோடு ஒருத்தி இந்த வீட்டில் எத்தனை வருஷம் இருப்பாள்?

மூன்று நாள், யாரும் இல்லாத மத்தியானங்களில், நானும் இடது கையால் சாப்பிட்டுப் பார்த்தேன். ரசம் முழங்கை வரை வழிந்தது. சேலையெல்லாம் பருப்பு. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

இலை நுனி ஏன் இடப்பக்கம்? முப்பது வருஷம் போட்டிருக்கிறேன், ஒரு நாளும் யோசித்ததில்லை. அகலப் பக்கம் பிசைகிற கைக்கு. அப்படியென்றால் அவளுக்கு நுனி வலப்பக்கம். தண்ணீரும் வலப்பக்கம். உட்காருவது மேசையின் இடது ஓரம். முழங்கை யாரையும் இடிக்காது.

வேறு பெரிதாக ஒன்றுமில்லை. சோறு, பருப்பு, வெண்டைக்காய், வேப்பம்பூ போட்ட மாங்காய்ப் பச்சடி. செம்பில் ஒரு கொத்து கொன்றை, எதிரில் இருப்பவர் முகத்தை மறைக்காத அளவுக்கு.

வந்தாள். பின்னாலேயே, அழைக்காமல், என் நாத்தனாரும் வந்தார். அவள் பக்கத்தில் இன்னொரு இலை போட்டேன்.

உட்கார்ந்ததும் நாத்தனார் பக்கத்து இலையைப் பார்த்தார். "ஏம் புள்ள, கருமாதிக்கில்ல இப்பிடிப் போடுவாங்க!" திருப்பிப் போடக் கை நீட்டினார்.

"இருக்கட்டுங்க. அவளுக்குன்னு போட்டது."

முப்பது வருஷத்தில் அவரை நான் தடுத்தது இதுவே முதல் முறை. நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு தன் இலைக்குத் திரும்பியது.

சிவரஞ்சனி இலையைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மடியில் கிடந்த இடது கை மெல்ல மேலே வந்தது. பச்சடியைத் தொட்டு நாக்கில் வைத்தாள். கசப்புக்கு முகம் சுளித்தது. வெல்லத்துக்கு விரிந்தது.

நான் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன லாவகம்! ஒரு பருக்கை சிந்தவில்லை. மூன்று நாள் தோற்றவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இலை காலியானது. அவள் அதை மூடவில்லை.

"அத்தை, இன்னுங் கொஞ்சம் சோறு போடுங்க."

குண்டாவில் சோறு இல்லை. இருந்ததெல்லாம் நாத்தனாருக்குப் போய்விட்டது. "பத்தே நிமிசம், கண்ணு" என்று அடுக்களைக்கு ஓடினேன். சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. உலை வைத்து, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு ஆழாக்கு அரிசி கூடவே போட்டேன்.