மேலும் கீழும்

1

இந்தக் கதை எனக்கு லிஃப்டில் கிடைத்தது. பல்கேரியாவின் ப்ளோவ்திவ் நகரில் எங்கள் கட்டடத்து லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட, கீழ்வீட்டு ஸ்தாமேனோடு நாற்பது நிமிடம் உள்ளே மாட்டிக்கொண்டேன். லிஃப்ட் பழுதுபார்ப்பதுதான் அவர் தொழில். ஆனால் மனுஷர் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. “எழுதுற ஆளுதானே நீங்க, இதுக்கு அர்த்தம் சொல்லுங்க பாப்போம்” என்று ஆரம்பித்தார்.

2

பத்தொன்பது நாள் கழித்து யோர்தான்கா கண்விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே பனி

வேண்டாம். அந்த ஆஸ்பத்திரி அறைக்கு ஜன்னலே கிடையாது.

மறுபடியும். ஸ்தாமேனின் மனைவி யோர்தான்கா ஒன்பது வருடம் இத்தாலியில், படுக்கையோடு கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். போன மாதம் ஒரே ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். தங்க வந்தாளா, மிச்சத் துணிமணியை எடுத்துப்போக வந்தாளா? கேட்க அவருக்குப் பயம். நாளைக்குக் கேட்கலாம் என்று நான்கு நாள் தள்ளினார். ஐந்தாம் நாள் அவளுக்கு நிமோனியா, ஆஸ்பத்திரி, தொண்டையில் துளைபோட்டு மூச்சுக்குழாய்.

3

கண்விழித்தாள். குழாய் இருப்பதால் பேச முடியாது. தலை மட்டும் அசையும்.

“ரொம்பப் பேசாதீங்க ஐயா,” என்றாள் நர்ஸ் ஸ்லாவ்கா. “அவங்களால உங்களைத் திட்டக்கூட முடியாது.”

“அதான் பேசுறேன். இருபத்தாறு வருஷத்துல இப்பதான் எனக்கு முறை வந்திருக்கு.”

ஸ்லாவ்கா நகர்ந்ததும் குனிந்து கேட்டார். “யோர்தா, குணமானதும் நம்ம வீட்டுலயே இருந்துடுறியா?”

தலை மேலும் கீழும் அசைந்தது. இரண்டு முறை.

(அடிக்குறிப்பாக வைக்க வேண்டியது, இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல்கேரியாவில் மேலும் கீழும் என்றால் ‘இல்லை’. பக்கவாட்டில் என்றால் ‘ஆமாம்’. இத்தாலியில் நேரெதிர். நம் ஊர் ஆட்டலும் ஒட்டிக்கொண்ட என் கழுத்துக்கு இருபது வருடமாகக் குழப்பம். ‘பை வேணுமா’ என்ற கடைக்காரரிடம் பூம்பூம் மாடு மாதிரி ஆட்டிவிட்டுத் தக்காளியைச் சட்டையில் ஏந்தி வந்திருக்கிறேன்.)

ஆக, ஆடியது இந்த ஊர்த் தலையா, ஒன்பது வருடம் அங்கே பழகிய தலையா?

4

ஸ்தாமேன் என்ற பாத்திரத்தை இங்கே நான் நம்பவில்லை. கண்ணைச் சிமிட்டச் சொல்லிக் கேட்டிருக்கலாமே? கதைக்காக நான் இழுக்கிறேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். அவரிடமே கேட்டேன்.

“வேற கேள்வி கேட்டுச் சோதிச்சுப் பாத்தேன்,” என்றார். “‘நான் இளைச்சிட்டேனா’ன்னு கேட்டேன். பக்கவாட்டுல ஆட்டினா. இந்த ஊர் கணக்குல ஆமா. ஆனா என் தொப்பையப் பாத்தா அதுவும் நிச்சயமில்ல.”

“அதே கேள்விய மறுபடி கேக்கறது?”

“இப்ப கையில பாதி ஆமா இருக்கு. கேட்டு, உள்ளதும் போச்சுன்னு ஆகணுமா?”

இந்தப் பதிலை நான் கற்பனை செய்திருக்க முடியாது. எனக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. அன்றே கேட்டுக் காரியத்தைக் கெடுத்திருப்பேன்.

5

முடிவுகள் இரண்டு எழுதினேன்.

அ. குழாயை எடுக்கிறார்கள். “இருக்கேன்” என்கிறாள். (ரொம்ப இனிப்பு.)

ஆ. வசந்தத்தில் அவள் பெட்டியோடு பேருந்து நிலையத்தில். அவர் பெட்டியை

முடிக்க மனம் வரவில்லை.

உண்மையில், நாங்கள் லிஃப்டில் மாட்டிய அன்று காலை நடந்தது இதுதான். ஸ்தாமேன் தன் கையை அவள் உள்ளங்கைக்குள் வைத்தார். “நான் தினமும் வருவேன், யோர்தா. அப்புறம் நீ இருந்தாலும் சரி, போனாலும் சரி. நீ எழுந்து நடக்கிறவரைக்கும் வருவேன். வேணாம்னா என் கையத் தள்ளிவிட்டுடு.”

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவள் தள்ளவில்லை.

[வெளியே வந்ததும் ஸ்லாவ்கா சொன்னாள்: “அவங்களுக்கு இன்னும் விரலைத் தூக்கக்கூடத் தெம்பு வரலைங்க, ஐயா.”]

இந்த வரியை மூன்று தரம் அடித்தேன், மூன்று தரம் திரும்ப எழுதினேன். வைப்பதோ அடிப்பதோ இனி உங்கள் பாடு. கதையில் அது இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாளைக் காலை பத்து மணிக்கு ஸ்தாமேன் ஆஸ்பத்திரிக்குப் போவார்.