பத்துச் சொட்டு

சொன்ன பொய்யை மெய்யாக்கப் போய்ப் படுக்கையில் விழுந்தவர் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஏசுவடியான் ஒருவராகத்தான் இருக்கும்.

செண்பகத்தோப்புக் காட்டில் மூங்கில் வெட்டப் போன காலத்தில் மலைக்காய்ச்சல் அடித்தது. குளிருக்கு நல்லது என்று கூட இருந்தவன் கொடுத்த மிளகளவு அபினியில் தொடங்கிய பழக்கம், பதினாறு வருஷத்தில் கொண்டைக்கடலை அளவுக்கு வந்துவிட்டது. உள்ளூரில் வாங்கினால் நாலு பேர் கண்ணில் படும் என்று ராஜபாளையத்துச் சர்க்கார் அபினிக் கடையில் போய் வாங்கி வருவார். ஊருக்குத் தெரியாது என்பது அவர் நினைப்பு. ஊருக்கெல்லாம் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் மகள் தேவகிருபைக்கு உபதேசியார் ஞானரத்தினத்தின் மகனைப் பேசினார்கள். பையன் வத்திராயிருப்பில் வாத்தியார். உபதேசியார் நகை கேட்கவில்லை, நட்டு கேட்கவில்லை. "அபினியை விட்டாச்சா சம்பந்தி?" என்று ஒன்றுதான் கேட்டார். ஏசுவடியான் வேதப்புத்தகத்தின் மேல் கையை வைத்து, லெந்து நோன்பு நாளிலேயே விட்டுவிட்டேன் என்றார். அப்போதும் அபினி டப்பி மடியில்தான் இருந்தது.

"பொறவு தெரியவந்தா ஓலையை நிறுத்திப்புடுவேன். சொல்லிட்டேன்" என்றார் உபதேசியார்.

வேதக்கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து, தடை சொல்ல ஆளில்லை என்றான பிறகுதான் தாலி. இரண்டாம் ஓலை வாசித்த அன்று மத்தியானம் தேவகிருபை டப்பியைக் கண்டெடுத்துவிட்டாள். அழவில்லை. அவர் பார்க்கப் பார்க்கக் கிணற்றில் போட்டாள்.

"மூணாம் ஓலைக்குள்ள விட்டுருங்கப்பா. வேதத்துல கைய வச்சுச் சொன்னதை மெய்யாக்கிருங்க. நான் யார்ட்டயும் மூச்சுவிட மாட்டேன்."

"விட்டுருதேன் தாயி. தாயில்லாப் பிள்ள நீ. ஒம்மேல ஆணையா விட்டுருதேன்."

மனசாரத்தான் சொன்னார். அவர் மனசைக் குறை சொல்ல முடியாது. உடம்புதான் சம்மதிக்கவில்லை.

திங்கட்கிழமை கொட்டாவி கொட்டாவியாக வந்தது. மூக்கும் கண்ணும் குழாயாக ஒழுகின. செவ்வாயன்று எலும்பு ஒவ்வொன்றையும் யாரோ உரலில் போட்டு இடித்தார்கள். வெயிலில் கிடந்தும் மயிர்க்கூச்செறிந்தது. புதன்கிழமை வயிறு பிடுங்கிக்கொண்டு போகத் தொடங்கியது. குடித்த கஞ்சி குடித்தபடியே வெளியே வந்தது. கர்த்தரே என்னை எடுத்துக்கொள்ளும் என்று வேண்டினார். அவரும் எடுத்துக்கொள்ளவில்லை. தேவகிருபை பாயை அலசினாள், வாயைத் துடைத்தாள், காலைப் பிடித்துவிட்டாள். கல்யாணப் பெண்ணின் கை நாற்றமெடுத்துப் போயிற்று.

வியாழக்கிழமை பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் எட்டிப் பார்த்தாள். ஆடித் தேருக்கு வந்த கூட்டம் கலைந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. தெருவெல்லாம் காலராப் பேச்சு.

"ஏட்டி கிருபை, ஒங்கப்பனுக்கு அந்தப் பேதிட்டி! வாயை மூடிக்கிட்டா இருக்கே?"

அப்பனும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலரா இல்லை என்றால் வேறு என்ன என்று சொல்லியாக வேண்டும். காலரா என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். வெள்ளத்தாய் போட்ட கூச்சலில் தெருவில் கதவுகள் சாத்திக்கொண்டன.

உபதேசியார் ஒருவர்தான் வந்தார். ஓடியே வந்தார். வாந்தியைத் தன் துண்டால் துடைத்தார். ஏசுவடியானின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். அவர் கெட்ட மனிதராக இருந்திருந்தால் ஏசுவடியானுக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

"பயப்படாதிய சம்பந்தி. திருவிழா வருதுன்னு மிஷன்ல காலரா மருந்து குடுத்திருக்காக. பத்துச் சொட்டுதான்."

பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த இங்கிலீஷ் எழுத்து அவருக்கும் தெரியாது. தண்ணீரில் கலந்து வாயில் ஊற்றினார். முதலில் கற்பூரம் காரமாக ஏறியது. அது அடங்கியதும் நாக்கின் அடியில் அந்தக் கசப்பு வந்தது. பதினாறு வருஷம் பழகிய அபினிக் கசப்பு. ஏசுவடியானுக்குக் கண் திறந்துவிட்டது.

துப்பியிருக்கலாம். பேதிக்காரன் துப்பினால் யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். அவர் வாயை இறுக்க மூடிக்கொண்டு விழுங்கினார்.

அரைமணி நேரத்தில் கால் பிடிப்பு விட்டது. வயிறு அடங்கியது. உபதேசியார் முழங்காலில் நின்று கண்ணீரோடு ஸ்தோத்திரம் சொன்னார். "திரும்பக் கண்டா இன்னும் பத்துச் சொட்டு குடு தாயி. ஞாயித்துக்கிழமை ஒங்கப்பா மூணாம் ஓலை கேக்கணும்" என்று பாட்டிலை மருமகளாக வரப்போகிறவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டுத் தேவகிருபை சிரித்தாள். வந்தது காலரா இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆகவே காலரா மருந்தால் அடங்கியிருக்க வழியில்லை. அப்பா தானாகவே தாண்டிவிட்டார்!

"நாலு நாள் பல்லைக் கடிச்சுக் கெடந்து ஜெயிச்சிட்டீங்கப்பா" என்று அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ரசம் வைத்துச் சோறு பிசைந்து கொடுத்தாள். அவர் தின்றார். ஒவ்வொரு கவளமும் களவாண்ட சோறாக இறங்கியது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. தேவகிருபை கல்யாணச் சேலையை மடியில் வைத்து ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். ஏசுவடியானுக்கு ஒரு கொட்டாவி வந்தது. அடுத்தது வருவதற்குள் வாய் கேட்டுவிட்டது.

"கிருபை, அந்தப் பாட்டிலை எடு."

"அது காலராவுக்கு உள்ளதுல்லா? ஒங்களுக்கு எதுக்குப்பா?"

 அவர் கையை மட்டும் நீட்டினார். மறுபடியும் கொட்டாவி வந்தது, மூக்கு ஒழுகியது. தேவகிருபை நீட்டிய கையைப் பார்த்தாள். எழுந்து போய் மாடத்திலிருந்து பாட்டிலை எடுத்தாள். தக்கையைப் பிடுங்கி முகர்ந்தாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்பாவின் அபினி வாடையடித்த வேட்டியைத் துவைத்தவள் அவள். கற்பூர வாசனை அவளை ஏமாற்றவில்லை.

ஏசுவடியான் கையை மடக்க நினைத்தார். அது மடங்கவில்லை.

"நாளைக்கழிச்சு மூணாம் ஓலைப்பா" என்றாள்.

"தெரியும் தாயி" என்றார். "ஊத்து."