இரண்டாவது கியர்

வெர்னா செருப்புகளைக் கழற்றிப் பின்சீட்டில் எறிந்துவிட்டு, காலுறை போட்ட இடது காலால் க்ளட்ச்சை மிதித்துப் பார்த்தாள். பாதிதான் இறங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய எழுந்து நின்று மிதித்தபோதுதான் முழுதாகப் போனது. புருஷன் நார்பர்ட்டின் நீளக் காலுக்கு ஏற்ற மாதிரி வைத்த சீட் அது, எந்தக் காலத்திலோ அங்கேயே இறுகிவிட்டது. கிளெம் சர்ச்சுக்குள் நொண்டிக்கொண்டே போய், முழங்கால் போடும் மெத்தைகள் இரண்டை எடுத்துவந்து அவள் முதுகுக்குப் பின்னால் சொருகினான்.

"ஃபாதர் பார்த்தா நம்ம ரெண்டு பேரையும் வெளுத்துடுவாரு அண்ணி."

"பூசைக்கு வர்ற ஆளே குறைஞ்சுபோச்சு. மெத்தை சும்மாதானே கிடக்கு."

கிளெம் நார்பர்ட்டின் தம்பி. அண்ணனும் தம்பியும் ஃப்ளின்ட் நகரத்தில் ஒரே தொழிற்சாலையில் கார் பூட்டி, ஒரே வருடம் ஓய்வு பெற்றவர்கள். இருவருக்கும் ஒரே கிறுக்கு. பெரிய எஞ்சின் வைத்து வேகத்துக்கென்றே செய்த பழைய மசில் கார்களை வைத்திருப்பவர்களின் சங்கத்தில் கிளெம்தான் செயலாளர். சங்கத்தில் யாராவது இறந்தால், அவருடைய கார் சவ வண்டிக்கு நேர் பின்னால் போக வேண்டும், அதை அந்த வீட்டு ஆள்தான் ஓட்ட வேண்டும் என்பது வழக்கம்.

டெர்ரி ஜன்னலில் குனிந்தான். அப்பாவின் சாவுக்கு ஃபீனிக்ஸிலிருந்து வந்த ஒரே மகன்.

"அம்மா, இது என்ன கூத்து? சித்தப்பா ஓட்டட்டுமே."

"உங்க சித்தப்பாவுக்குப் போன மாசம்தான் முட்டி ஆபரேஷன் ஆச்சு. உனக்கு க்ளட்ச் வண்டி ஓட்டத் தெரியாது. நான் எங்கப்பா பண்ணையில பால் லாரி ஓட்டினவடா."

"அது அம்பது வருஷத்துக்கு முன்னால."

"இந்தக் காருக்கும் அதே வயசுதான். நாங்க ரெண்டு பேரும் பேசிக்கறோம், நீ போய் உன் வண்டியில ஏறு."

இப்படி ஆசையாக ஏறி உட்கார்ந்தவள், நேற்று வரைக்கும் அந்தக் காரின் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் பனி உருகியதும் நார்பர்ட் உறையை உருவிவிட்டு, சமையலறைக்கு வந்து சாவியை நீட்டுவார். "ஒரு தடவை ஓட்டிப் பாரேன்." "எனக்கு வேற வேலை இல்லையா?" என்பாள் இவள். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் மனிதர் ஷெட்டிலிருந்து அந்த ஆரஞ்சு நிறச் சக்களத்தியோடு கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது முகம் குளித்தெழுந்த மாதிரி இருக்கும். அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று கேட்டால் சிரிப்பார், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை காலையில் காபிக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். நாளைக் காலையில் ஒஹாயோவிலிருந்து ஒருவன் ட்ரெய்லரோடு வந்து காரை ஏற்றிக்கொண்டு போகப்போகிறான், டெர்ரி பேசி முடித்துவிட்டான். அதில் என்ன இருக்கிறதென்று தெரிந்துகொள்ள வெர்னாவுக்கு இன்றைக்கு ஒரு நாள்தான் பாக்கி. தெரியாமல் போனால், கூடவே வாழ்ந்த மனிதரில் ஒரு பாதியைத் தெரியாமலேயே புதைத்ததாகிவிடும் என்று அவள் பயந்தாள்.

கிளெம் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டான். சவ வண்டி நகர்ந்தது. அவள் சாவியைத் திருப்பியதும் சர்ச் வாசலில் நின்ற புறாக்கள் மொத்தமாக எழுந்து பறந்தன. முதல் முயற்சியில் கார் ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. இரண்டாவதில் நகர்ந்தது. பின்னால் சங்கத்து வண்டிகள் நீலமும் மஞ்சளும் சிவப்புமாக உறுமிக்கொண்டு வரிசை கட்டின. அவற்றுக்கும் பின்னால் டெர்ரி, வாடகைக் காரில்.

ஊருக்குள் நடக்கிற வேகத்தில்தான் போனார்கள். கார் குலுங்கியது, பெட்ரோல் நாற்றம் அடித்தது, க்ளட்ச்சில் இருந்த கால் வெடவெடவென்று ஆடியது. ஆனால் தெருவில் நடந்ததுதான் வேடிக்கை. புல் வெட்டிக்கொண்டிருந்த ஒரு ஆள் தொப்பியைக் கழற்றி சவ வண்டிக்கு மரியாதை செய்தான். கண் மட்டும் இந்தக் காரின் மேல் இருந்தது. பஸ்ஸுக்கு நின்ற நர்ஸ் பெண் ஒருத்தி, இருபத்தைந்து வயதுகூட இருக்காது, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள், உடனே கார் திரும்புகிற வரை பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள்.

"அந்தப் பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாலேயே இந்தக் கார் கிழவியாயிடுச்சு. அவ என்னத்தைக் கண்டாளாம்?"

"அதைச் சொல்லத் தெரிஞ்சா நான் ஏன் அண்ணி கல்யாணம் பண்ணிக்காம, ரெண்டு கார் வச்சுக்கிட்டு நிக்கறேன்?"

"உன்னை எவளும் கட்டிக்கலை. கார் மேல பழியைப் போடாதே."

கிளெம் சிரிக்க ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தது.

"ஹீட்டரைப் போடுங்க."

"ஜூலை மாசத்துலயா?"

"எஞ்சின் சூட்டை உள்ள இழுக்கணும் அண்ணி. இதெல்லாம் பறக்கறதுக்குன்னு பண்ணின வண்டி. காத்து அடிக்காம ஊர்ந்தா கொதிச்சுடும்."

ஹீட்டர் முகத்தில் அடித்தது. வெர்னாவின் கறுப்பு உடை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கண்ணாடியில் பார்த்தாள். நீலக் கார் ஒன்று ஓரமாக ஒதுங்கிப் புகைந்தது. பின்னாலேயே மஞ்சளும் ஒதுங்கியது. தொப்பை போட்ட கிழவர்கள் கோட்டும் டையுமாக இறங்கி பானெட்டைத் தூக்கினார்கள்.

"இது உங்க யாருக்கும் முன்னாடியே தோணலையா?"

"ஒவ்வொரு சாவுக்கும் இதேதான் நடக்குது," என்றான் கிளெம் வருத்தமாக. "அண்ணன் ஒருத்தர்தான் உஷார். ஊர்வலத்துல சேரவே மாட்டாரு. நெடுஞ்சாலையில சுத்திக்கிட்டுப் போய், கல்லறைத் தோட்டத்துல காத்துக்கிட்டு இருப்பாரு."

வெர்னா அவனைத் திரும்பிப் பார்த்தாள். சங்கத்துத் தலைவர் இறந்தபோது ஊர்வலத்தில் காணோமே, மனிதருக்கு ஈவிரக்கம் இல்லையா என்று நார்பர்ட்டோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவள் அவள். அதற்கும் அவர் சிரிக்கத்தான் செய்தார்.

ஊர் முடிந்தது. இருபுறமும் சோளக்காடு, நடுவில் நேரான தார்ச் சாலை. முள் சிவப்புக்குள் நுழைந்துவிட்டது. இனிப்பும் கசப்புமாக ரேடியேட்டர் ஆவியின் நாற்றம் உள்ளே வந்தது.

"அண்ணி, ஒண்ணு ஓரமா நிறுத்தணும். இல்லேன்னா முந்தணும்."

"எதை?"

கிளெம் முன்னால் போன கறுப்பு வண்டியைத் தாடையால் காட்டினான்.

"பொணத்தை முந்திக்கிட்டுப் போகச் சொல்றியா? என் புருஷன்டா அதுல இருக்காரு."

"தெரியும் அண்ணி. என் அண்ணனும்தான்."

நிறுத்தினால், அதில் என்ன இருக்கிறதென்று தெரியாமலேயே கார் நாளை ட்ரெய்லரில் ஏறும், அவ்வளவுதான். எதிரே சாலை காலியாகக் கிடந்தது. கியரை இரண்டாவதுக்கு இழுத்தாள், ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தாள், ஆக்சிலரேட்டரைத் தரையோடு வைத்து மிதித்தாள்.

ஒரு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளினார்கள். பானெட் மேலே எழும்பியது, அவள் தலை சீட்டில் மோதியது, சர்ச் மெத்தைகள் நசுங்கின. சத்தம் காதில் விழவில்லை, விலா எலும்புக்குள் ஏறியது. சவ வண்டிக்காரன் வாயைப் பிளந்துகொண்டிருந்த ஒரு முகமாக வலது பக்கம் வந்தான், போனான். மூன்றாவது கியர். காற்று உள்ளே பாய்ந்து கொண்டையைக் கலைத்தது. எழுபத்திரண்டு வயது, முதுகுவலி, ஃபாதர், ட்ரெய்லர், அடக்கம் முடிந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்காகப் பீங்கான் பாத்திரத்தில் செய்துவைத்த உருளைக்கிழங்கு சாலட், எல்லாம் பின்னால் எங்கேயோ சோளக்காட்டில் விழுந்துவிட்டன. அவள் வாய் விட்டுக் கத்தினாள். என்ன கத்தினாள் என்று பிறகு கேட்டபோது கிளெம் சொல்ல மறுத்துவிட்டான்.

"அண்ணி! கேட்டைத் தாண்டியாச்சு! கல்லறைத் தோட்டம் போயிடுச்சு!"

"பார்த்தேன்," என்றாள் வெர்னா. நான்காவது கியரைப் போட்டாள்.

தானியக் கிடங்கு வரை போய்த்தான் திரும்பினாள். முள் நடுவுக்கு இறங்கியிருந்தது.

கல்லறைத் தோட்டத்துக்கு இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. மேப்பிள் மரத்தடியில் காரை நிறுத்தி அணைத்தாள். சற்றுத் தள்ளி, வெட்டிய குழியைச் சுற்றிப் பச்சை விரிப்பும் மடக்கு நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். வெர்னா காலுறையோடு புல்லில் நடந்துபோய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிவந்து, நெற்றியில் முடி ஒட்டியிருந்தது.

கிளெம் அவள் செருப்புகளை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தான். அவனுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன அண்ணி, எப்படி இருந்துச்சு? சொல்லுங்களேன்."

வெர்னா நிமிர்ந்து பார்த்தாள். சாலையின் கோடியில் சவ வண்டி சின்னதாகத் தெரிந்தது.

"இரு, அவர் வரட்டும்," என்றாள்.

கொண்டையூசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் தலைமுடியை அள்ளி முடிய ஆரம்பித்தாள்.