ஒன்பதாவது பிரதி

ஒரு திங்கட்கிழமை காலை ஆறு இருபதுக்கு ஊரிலிருந்து கிளம்பிய புதிய நெடுந்தூர விரைவு வண்டி, இருபது வருடங்களாகியும் தன் கடைசி நிலையத்துக்குப் போய்ச் சேரவில்லை. அதைத் தாமதம் என்று யாரும் குறை சொல்லிவிட முடியாது. வண்டி ஒரு நிமிடம்கூடப் பிந்தாமல் கால அட்டவணைப்படிதான் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசி நிலையம்தான் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. அன்றைக்கு அதில் ஏறியவர்கள் எழுநூற்றுப் பன்னிரண்டு பேர். இப்போது உள்ளே எத்தனை பேர் என்பது சரியாகத் தெரியாது. சிலர் இறந்துபோனார்கள், அதைவிட அதிகமாகப் பிள்ளைகள் பிறந்தார்கள்.

அந்த வண்டியை ஊருக்கு வாங்கிக் கொடுத்தவர் கடைத்தெருவில் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர். பயணிகள் சங்கச் செயலாளராகவும் இருந்ததால் ஊர் அவரை மனுக்காரர் என்றே கூப்பிட்டது. சொந்தப் பெயரை அவருடைய வீட்டு மின்கட்டண அட்டையில்தான் பார்க்கலாம். மற்ற ஊர்க்காரர்களைப் போல மேசையைக் குத்துவது, தண்டவாளத்தில் உட்காருவது எல்லாம் அவருக்குப் பிடிக்காது. நான்கு பக்கங்களில் ஐந்து கோரிக்கைகளைத் தட்டச்சு செய்தார். தொலைதூர நகரம் வரை நேரடி வண்டி வேண்டும். வழியில் நின்று நின்று போகாமல் வேகமாகப் போக வேண்டும். ஓடும் வண்டியிலிருந்து யாரும் விழாதபடி தானாக மூடிக்கொள்ளும் கதவு வேண்டும். தூசி வராத கண்ணாடி ஜன்னல் வேண்டும். மக்கள் கேட்கும்போதெல்லாம் வண்டியை அடுத்த ஊருக்கு நீட்டிக்க வேண்டும். எப்போதும்போல நடுவே கார்பன் தாள் வைத்து ஒன்பது பிரதிகள் எடுத்தார். எட்டுப் பிரதிகளுக்கு மேல் எந்த இயந்திரமும் தாங்காது என்று தன் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் அவர்தான். ஆனாலும் தன் விரலுக்கு அந்த அழுத்தம் உண்டு என்பதில் அவருக்கு ஒரு கர்வம். ஒன்பதாவது தாளில் எழுத்து இருப்பதாக அவர் சொன்னால்தான் உண்டு. அதையும் விடாமல் மடித்து, ஆக மேலே இருந்த அலுவலகத்துக்கு அனுப்பி வைத்தார்.

கேட்டதெல்லாம் கிடைத்தது, அதுதான் கொடுமை. மனு என்றால் தூங்கும் என்று தெரிந்த ஊர் வாயைப் பிளந்தது. அக்கம்பக்கத்து ஊர்ச் சங்கங்கள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றன. மனுக்காரர் யாருக்கும் இல்லை என்று சொல்லாதவர். ஊர்ப் பெயர் வருமிடத்தில் மட்டும் புள்ளி வைத்து, அதே மனுவைப் பிரதி எடுத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். அவர்கள் தங்களுக்கு அடுத்த ஊருக்குக் கொடுத்தார்கள். வண்டி ஓட ஆரம்பிப்பதற்குள், தண்டவாளம் போகும் திசையெல்லாம் அந்த மனு அதற்கு முன்னால் போய்விட்டிருந்தது.

அவருடைய ஒரே மகளுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. தொலைதூர நகரத்து மருத்துவமனையில் பரிசோதனைக்கூட உதவியாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்திருந்தது. அவள் பேருந்தில் போவதாக இருந்தாள். "பஸ்னா நினைச்ச இடத்துல இறங்கிக்கலாம்ப்பா" என்றாள். மனுக்காரருக்கு முகம் வாடிவிட்டது. "நாம கேட்டு வாங்கின வண்டிம்மா. நம்ம வீட்டுப் பொண்ணே ஏறலன்னா ஊரு சிரிக்காதா? பதினாலு மணி நேரம், கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும்" என்றார். அம்மாக்காரிக்கு அரைமனசுதான். ஆனாலும் இரண்டு நாளைக்கு மாற்றுத் துணியும், மறுநாள் போட்டுக்கொள்ளத் தேய்த்த சட்டையும் எடுத்து வைத்தாள். ஜன்னலுக்கு அந்தப்பக்கம் மகள் ஏதோ சொன்னாள். கண்ணாடி தூசியை மட்டுமல்ல, குரலையும் தடுக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மனுக்காரர் எல்லாம் சரிதான் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

அன்று இரவு வண்டி நகரத்தை அடைய ஒரு மணி நேரம் இருக்கையில், அதை அடுத்த ஊருக்கு நீட்டித்து உத்தரவு வந்தது. வழியில் நின்று நின்று போகக்கூடாது என்பது மனுவின் இரண்டாவது கோரிக்கை. அதனால் நகரத்தில் நிற்பது ரத்தானது. பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்ற நானூறு பேர் நகரத்தின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டே கடந்து போனார்கள். கதவு கடைசி நிலையத்தில்தான் திறக்கும். அது மூன்றாவது கோரிக்கை. மறுநாள் அடுத்த ஊரை நெருங்கும்போது அதற்கும் அடுத்த ஊரின் மனு நிறைவேறியது. அப்புறம் இது வழக்கமாகிவிட்டது. ஓடுகிற வண்டிக்குத் தண்ணீர் குழாயில் பீய்ச்சினார்கள், அரிசியும் பருப்பும் சமையல் பெட்டியின் சின்னத் திறப்பு வழியாகப் போயின, கடிதப் பைகளைக் கொக்கியில் மாட்டினார்கள். இலாகாவை யாரும் திட்டவில்லை. ஒவ்வொரு ஊரும் வண்டி தன் பக்கம் வருவதை வாண வெடி விடாத குறையாகக் கொண்டாடியது.

மனுக்காரர் முதல் வருடம் முழுக்க வேறு வண்டிகளைப் பிடித்து அதைத் துரத்தினார். அவர் போய்க் காத்திருந்த ஒவ்வொரு கடைசி நிலையமும், அவர் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் இடையில் இருக்கும் நிலையமாகிவிட்டது. தாடியும் செருப்பில்லாத காலுமாகத் திரும்பி வந்தவரைப் பார்த்து அவர் மனைவி அழவில்லை. சாப்பாட்டைப் போட்டு, அவர் கை கழுவும்வரை காத்திருந்து, ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "காகிதத்துல அனுப்பி வெச்ச பொண்ணுதானே. காகிதத்துலயே கூட்டிட்டு வாங்க." அதற்கப்புறம் அவள் அவரோடு உப்பு, பால், வாடகை தவிர வேறு எதையும் பேசவில்லை.

காகிதத்தில் கூட்டி வர அவர் செய்யாதது இல்லை. இனி வண்டியை நீட்டிக்க வேண்டாம் என்று ஒரு மனுவைத் தட்டச்சு செய்து கோட்ட அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோனார். அங்கே இருந்த எழுத்தர் நல்ல மனிதர். மனுவை இரண்டு முறை படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீட்டிக்கணும், வேகமா போகணும், பெட்டி கூட்டணும்னு மூணு ஃபைல்தான் சார் இருக்கு. வேண்டாம்னு ஒரு ஃபைல் இதுவரைக்கும் யாரும் தொறக்கலயே" என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார். கடைசியில் அதைப் பொது ஆலோசனைகள் கட்டில் சேர்த்தார்கள். ஆலோசனை சொன்னதற்கு நன்றி தெரிவித்து ஒரு கடிதம் வந்தது. மகளிடமிருந்தும் கடிதங்கள் வந்தன. முதலில் எப்போது இறங்குவோம் என்று கேட்டாள். நேர்முகத் தேர்வுக்கு வேறு தேதி கேட்டு எழுதச் சொன்னாள், அவரும் எழுதினார். மூன்றாவது வருடம் படுக்கை விரிப்பு கொடுக்கும் பையனைக் கட்டிக்கொண்டதாக எழுதினாள். நல்லவர், உங்களைப் போல யாருக்கும் இல்லை என்று சொல்லமாட்டார் என்றிருந்தது. ஐந்தாவது வருடம் பெண் குழந்தை. குழந்தை வெளியே மரங்கள் ஓடுவதாகத்தான் நினைக்கிறது, நாங்களும் திருத்தவில்லை என்று எழுதினாள். எப்போது இறங்குவோம் என்று அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. அந்தக் கேள்வி இல்லாத கடிதங்களைத்தான் மனுக்காரர் திரும்பத் திரும்பப் படித்தார்.

அந்த நாட்களில்தான் அவர் இன்ஸ்டிட்யூட் சுவரில் ரயில் பாதைகளின் வரைபடத்தை மாட்டி, அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். நான்கு மாதம் கழித்துப் பாதை புலப்பட்டது. வண்டி போகிற போக்கில் வடக்கே திரும்பி, இன்னும் முப்பத்தொரு ஊர்களுக்கு நீண்டால், பின்பக்கமாக அவருடைய சொந்த ஊருக்கே வந்து சேரும். அப்படி வந்தால் இதுவே கடைசி நிலையம். கதவு இங்கே திறந்துதான் ஆக வேண்டும். மனுக்காரர் டைப்ரைட்டரை ஒரு போர்வையில் கட்டித் தூக்கிக்கொண்டு கிளம்பினார். முப்பத்தொரு ஊர்களிலும் போய்ச் சங்கம் இல்லாத இடத்தில் சங்கம் ஆரம்பித்தார், மனுவைத் தட்டிக் கொடுத்தார், கையெழுத்து வாங்கினார். சில ஊர்களில் மாலை போட்டார்கள், ஒரு ஊரில் சந்தேகப்பட்டு அடித்தார்கள். ஆறு வருடம் ஆயிற்று. பதினோராவது வருடம், கடைசி மனுவில் புள்ளி வைத்த இடத்தில் தன் ஊரின் பெயரைத் தட்டினார். அவசரத்தில் ஒரு எழுத்து இரண்டு முறை விழுந்தது. ஒரே வாரத்தில் அனுமதி வந்தது.

வண்டி ஒரு வியாழக்கிழமை மாலை நான்கு பத்துக்கு வருவதாக அறிவித்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் நடைமேடைத் தூண்களுக்கு வெள்ளையடித்தார். ஊரில் பாதிப் பேருக்கு அந்த வண்டியில் யாராவது இருந்தார்கள். மனுக்காரரின் மனைவி பதினோரு வருடம் கழித்து அவரோடு சேர்ந்து தெருவில் நடந்தாள். பேத்திக்கு என்று செருப்பு வாங்கி வைத்திருந்தாள். மண்ணில் நடந்திராத கால் சுட்டுவிடும் என்றாள். அளவு தெரியாததால் மூன்று அளவில் வாங்கியிருந்தாள்.

மூன்று மணிக்குத் தந்தி அறையிலிருந்து ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு தாளோடு வந்தார். அவர் முகத்தைப் பார்த்தே கூட்டம் அடங்கிவிட்டது. வண்டியை இந்த ஊரிலிருந்து தொலைதூர நகரம் வரை நீட்டித்து மேலிடம் உத்தரவிட்டிருந்தது. மேல் அலுவலகத்தில் ஒரு தாள் வெகுகாலமாகப் படிக்க முடியாமல் கிடந்ததாகவும், புதிதாக வந்த அதிகாரி பொறுமைசாலி என்பதால் பூதக்கண்ணாடி வைத்து மூன்று வருடத்தில் ஒவ்வோர் எழுத்தாகப் படித்து முடித்ததாகவும், மக்களின் கோரிக்கை இவ்வளவு நாள் கிடப்பில் கிடந்ததற்கு அவர் மனம் வருந்தியதாகவும் உத்தரவில் விவரம் இருந்தது. கீழே மனுதாரரின் பெயர் இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் அதைச் சத்தமாகப் படிக்காமல் தாளை மனுக்காரர் கையில் கொடுத்தார். மின்கட்டண அட்டையில் இருக்கும் அதே பெயர்.

நான்கு பத்துக்கு வண்டி வந்தது. நடைமேடைக்கு முன்னால் ஒரு வளைவு உண்டு, அதனால் அங்கே வேகம் கொஞ்சம் மட்டுப்படும், நின்றுவிடாது. எட்டாவது பெட்டியின் ஜன்னலில் மகள் தெரிந்தாள். முகம் சதை போட்டிருந்தது, மடியில் ஆறு வயதுக் குழந்தை. அவளுக்கு உத்தரவு தெரியாது போலும், பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு தேய்த்த சட்டையோடு தயாராக உட்கார்ந்திருந்தாள். பதினோரு விநாடி. மனைவி செருப்பை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள், மூன்று அளவையும். குழந்தை அதை என்னவென்று தெரியாமல் பார்த்தது. வண்டி போனபிறகு அவள் செருப்புகளைக் காகிதத்தில் சுற்றினாள். "பாத்துட்டு வர்றதுக்கா பெத்தேன்" என்றாள். இனி ஸ்டேஷன் பக்கம் வரமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை, ஆனால் வரவில்லை. இரண்டு வருடம் கழித்துக் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்கு முன்பே, இன்னொரு பயணிகள் பெட்டி வேண்டும் என்று யாரோ கேட்டதால், வண்டியிலிருந்து அஞ்சல் பெட்டியைக் கழற்றிவிட்டார்கள்; கடிதப் போக்குவரத்து நின்றுபோனது.

வண்டி இப்போது தடம் பழகிய மாடுபோல அதே வட்டத்தைச் சுற்ற ஆரம்பித்தது. ஒவ்வொரு ஊரும் தன் பங்குக்கு மனுவைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தது. மனுக்காரர் யோசித்துப் பார்த்தார். நிறுத்த ஒரு ஃபைல் இல்லை; வேகப்படுத்த இருக்கிறது. இரட்டைப் பாதை கேட்டார், மின்மயம் கேட்டார், மற்ற ஊர்களின் வளைவுகளை நேராக்கக் கேட்டார். தன் ஊர் வளைவைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. பதினோரு வருடமாக இருந்த சுற்று நான்காகக் குறைந்தது. இரண்டாம் முறை வந்தபோது மகள் ஒரு பெரிய தாளில் கையால் எழுதி ஜன்னலில் ஒட்டியிருந்தாள். அறுபத்தைந்து வயதில் மனுக்காரர் அதன்கூடவே ஓடினார். 'அப்பா, நாங்கள் சுகம்' வரைக்கும் படித்தார், நடைமேடை முடிந்துவிட்டது.

நடைமேடையை நீட்ட ஃபைல் இருந்தது. ஐம்பது மீட்டர் நீட்டினார்கள். அடுத்த சுற்று மூன்று வருடத்தில் வந்தது. தாள் பழுத்திருந்தது, ஆனால் அதே தாள். 'நாங்கள் சுகம். குழந்தை ஏழாவது பெட்டிப் பள்ளியில் படிக்கிறது' வரைக்கும் போனார். இன்னும் ஐம்பது கேட்டார், கொடுத்தார்கள். மாலையில் நடைமேடையில் ஓடிப் பழகினார். பெட்டி தூக்குபவர்கள் "பெரியவர் ஓடுறாரு, வழி விடுங்கப்பா" என்று தள்ளுவண்டிகளை ஓரம் கட்டினார்கள். புதிதாக வந்த பயணிகள்தான் விசாரித்தார்கள். ஊர்க்காரர்களுக்கு அது மழை வெயில் மாதிரி ஆகிவிட்டது.

இருபதாவது வருடம் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டார். பழுத்த தாளின் அடியில் புது மையில் சேர்த்திருந்த அந்த வரியில், 'அம்மாவை ஏன் கூட்டி வருவதில்லை?' என்றிருந்தது. மகள் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் காதோரம் நரைத்துப்போய், பதிலுக்காக அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனுக்காரர் மூச்சு வாங்கி வாயைத் திறப்பதற்குள் நடைமேடை முடிந்தது.

அந்த வாரமே மாடியேறி, டைப்ரைட்டரின் உறையை எடுத்துவிட்டு, நடைமேடையை இன்னும் நாற்பது மீட்டர் நீட்டக் கோரி ஒரு மனுவைத் தட்டச்சு செய்தார். கேட்டது கிடைத்துவிடும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தாள்களுக்கு நடுவே கார்பனை அடுக்கினார், எண்ணினார், ஒன்றை உருவி மேசை இழுப்பறையில் போட்டார். எட்டுப் பிரதிகள்தான் எடுத்தார்.