பொக்ஸ் ரூம்

கதவு நிலையின் அடிப்பகுதிக்குப் பெயின்ற் பூசி முடித்துவிட்டு கிறிஸ்துநாயகம் நிமிர்ந்தபோது பதினொரு மணி. மூன்று மணிக்குக் கவுன்சில்காரர் வீடு பார்க்க வருவார். பியற்றிஸ் குசினித் தரையில் முழங்காலில் இருந்து, அடுப்பு நின்ற இடத்தில் இறுகிப்போயிருந்த எண்ணெய்க் கறையைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். விடிய நாலு மணிக்கு எழும்பி, இரண்டு அலுவலகங்களைத் துடைத்து முடித்து, அந்த உடுப்போடேயே வந்திருந்தாள். கறை போகப் போக அதன் கீழே இன்னொரு கறை வந்தது.

“விடுங்கோ அக்கா. அதுக்கு மேல அடுப்புத்தானே வரப்போகுது,” என்றான் அவள் தம்பி கிறிஸ்துநாயகம்.

“அடுப்பை இழுத்துப் பாப்பினமாம்.”

அவளும் கணவன் ஜெராட்டும் ஜெர்மனியை விட்டு லண்டனுக்கு வந்து வாங்கிய முதல் வீடு இது. வெம்பிளியில் எல்லா வீடுகளையும் போல ஒடுங்கிய வீடு. பிள்ளைகள் வளர்ந்து, மாமியும் வந்து சேர்ந்ததும் ரெய்னர்ஸ் லேனில் இன்னொன்று வாங்கிப் போய்விட்டார்கள். இதை வாடகைக்கு விட்டபோது, மாடிப்படி முடிகிற இடத்தில் பெட்டி போலிருந்த சின்ன அறையை, பொக்ஸ் ரூமை மட்டும் தம்பிக்கென்று ஒதுக்கினார்கள். குடியிருந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அவன் மாறவில்லை. காலையில் பெயின்ற் வேலைக்குப் போய், பொழுதுபட்டதும் வந்து, தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வான். அப்படியே ஏழு வருசம்.

போன வருசம் ஜெராட்டுக்கு முதுகில் ஒப்பரேசன். பிறகு வேலையில்லை. கடைசியாக இருந்த குடும்பமும் திடீரென்று வெளிக்கிட்டுப் போக, வீடு வெறுமனே கிடந்தது. நகரசபையான கவுன்சிலிடம் கொடுத்தால் ஐந்து வருசத்துக்கு அவர்களே எடுத்து, வீடில்லாத குடும்பமொன்றைக் குடிவைப்பார்கள். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாடகை வரும் என்று பங்குக் கோவிலில் யாரோ சொன்னார்கள். ஆனால் பரிசோதனையில் வீடு தேற வேண்டும். உள்ளே ஒருவரும் இருக்கக் கூடாது.

அதைத் தம்பியிடம் நேரில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ரெலிபோனில்தான் சொன்னாள். அவன், “ஓம் அக்கா. எப்ப வருகினம்?” என்றான். பிறகு, “பெயின்ற் அடிக்க வேற ஆளைப் பிடியாதேங்கோ, நான் லீவு போடுறன்,” என்றான். இடம் பார்த்துவிட்டதாகவும் சொன்னான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. இன்று கேட்போம், நாளை கேட்போம் என்று மூன்று கிழமை போய்விட்டது. கேட்டால் அவன் பதில் சொல்வான். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு தான் என்ன செய்வது என்றுதான் அவளுக்குப் பயம்.

கவுன்சில்காரர் மூன்று மணிக்குச் சரியாக வந்தார். நரைத்த தலை, மென்மையான குரல். சப்பாத்தைக் கழற்றட்டுமா என்று கேட்டார். புகை அலாரங்களை அழுத்திப் பார்த்தார். ஜன்னல்களைத் திறந்து மூடினார். அடுப்பை இழுத்துப் பார்க்கவில்லை. மாடிக்கு ஏறும்போது படிக்கட்டுக் கைபிடியை ஆட்டிப் பார்த்துத் தாளில் ஏதோ குறித்தார். கிறிஸ்துநாயகம் தூரிகையும் துணியுமாகச் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டான். கூலிக்கு வந்த பெயின்ற்காரன் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். தலையசைத்துவிட்டுக் கடந்து போனார்.

பொக்ஸ் ரூமில் சின்னக் கருவியொன்றைச் சுவரில் பிடித்து நீளம் அளந்தார், அகலம் அளந்தார். இன்னொரு முறையும் அளந்தார்.

“இது படுக்கையறைக் கணக்கில் வராது,” என்றார் ஆங்கிலத்தில். “நாலரை சதுர மீற்றர்கூட இல்லை. குழந்தையைக்கூட இதில் படுக்கவிட முடியாது. யாராவது இதில் படுத்தார்களா?”

கம்பளத்தில் கட்டில் கால்கள் அழுந்திய நாலு குழிகள் தெரிந்தன. தம்பி முதல்நாள் அவற்றைப் பிரஷால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்திருந்தான். எழும்பவில்லை. அவர் அந்தக் குழிகளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“இல்லை,” என்றாள் பியற்றிஸ். “சாமான் வைக்கிற அறை.”

முதுகுப் பக்கம் தம்பி நிற்கிறான் என்று அவளுக்குத் தெரியும். திரும்பவில்லை. ஸ்டோர் என்று எழுதிக்கொண்டு அவர் கீழே இறங்கினார். வீடு சரியாம். கைபிடியை மட்டும் இறுக்கிவிட்டுப் படம் அனுப்பினால் போதுமாம். அவர் காரை எடுப்பதற்குள்ளேயே கிறிஸ்துநாயகம் படியில் குந்தியிருந்து திருகாணிகளை முறுக்கத் தொடங்கிவிட்டான்.

ஐந்து மணிக்கு ஒரு பையையும் ஒரு சூட்கேஸையும் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்புக்கு வந்தார்கள். அன்று வெம்பிளி ஸ்டேடியத்தில் ஏதோ உதைபந்தாட்ட மட்ச். தெரு முழுக்கக் கொடிகளும் கூச்சலுமாக இருந்தது. நின்றுகொண்டே அவள் கேட்டாள்.

“எங்கையடா போறாய்?”

“ஆர்ச்வேக்கு அக்கா. கடையொண்டுக்கு மேல. மூண்டு பேர் இருக்கினம்.”

“கட்டில் இருக்குதோ?”

“ரெண்டு இருக்கு. ஒருத்தன் நைட் ஷிப்ட். அவன் போனாப் பிறகு அதில நான் படுக்கலாம்.”

“அறை பெரிசோ?”

அவன் சிரித்தான். கை நகங்களில் வெள்ளைப் பெயின்ற் காய்ந்திருந்தது. “அளக்கேல்லை அக்கா.”

அவள் முகத்தைத் திருப்பித் தெருவைப் பார்த்தாள். பிறகு, “எங்களோட வந்து இரன்,” என்றாள். சொன்ன உடனேயே, இரண்டு மகள்களும் மாமியும் ஒரே அறையில் படுப்பது நினைவுக்கு வந்தது. முன்னறையில் ஜெராட்டின் கட்டில். மிச்சமெல்லாம் நடைபாதை.

“அங்க எங்கை அக்கா,” என்றான் அவன். கோபம் இல்லை. அவளைச் சமாதானப்படுத்துகிற குரல்தான்.

பஸ் வந்தது. கதவுவரை ஆட்கள் நெரிந்து நின்றார்கள். நிற்காமல் போய்விட்டது. உள்ளிருந்தவர்கள் கண்ணாடியில் கைகளால் தட்டிப் பாட, அடுத்ததும் அப்படியே கடந்தது. மூன்றாவது தூரத்தில் தெரிந்தபோது கிறிஸ்துநாயகம் சூட்கேஸைக் கீழே வைத்துவிட்டு, வீதி ஓரத்துக்குப் போய்க் கையை நீட்டினான். பியற்றிஸும் பக்கத்தில் போய் நின்று தன் கையை நீட்டினாள். பஸ் வேகம் குறையாமல் வந்துகொண்டிருந்தது.