கறுப்பு வலைக்குக் கீழே

“உங்க வூட்டு மாடியில தண்ணி டேங்க் இன்னா கலரு?” ஏரிக்கரையில் கூடியிருந்த ஊர்க்காரர்கள் முன் நின்றபடி ஒப்பந்ததாரர் தேவநாதன் கேட்டார்.

“கறுப்புங்க” என்றார் சின்னதுரை.

“உள்ள பாசி இருக்குதா?”

“இல்லீங்க.”

“அவ்ளோதான். வெயில் படலன்னா பாசி செத்துடும். ஏரிக்கும் அதே கணக்கு.”

திண்டிவனம் சாலையோரத்து அந்தச் சித்தேரி இரண்டு கோடையாகப் பச்சைக் குழம்பாகக் கிடந்தது. அதன்மேல் கறுப்பு நிழல்வலை விரிக்கும் சர்க்கார் வேலையைத் தேவநாதன் எடுத்திருந்தார். வடக்குக் கரையில் அவர் மைத்துனரின் கல்யாண மண்டபம். அதன் கழிவுநீர்க் குழாய் நேராக ஏரியில் இறங்கியது. கூடியிருந்தவர்களில் ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஏரியின் மீன் குத்தகை கோட்டக்குப்பம் நிஜாமுதீனுடையது. ஷார்ஜாவில் உழைத்துச் சேர்த்ததை எல்லாம் கெண்டைக் குஞ்சுகளாக இந்தத் தண்ணீரில் விட்டிருந்தார்.

சின்னதுரையின் மகள் கலைப்பிரியா முன்னால் வந்தாள். விழுப்புரம் கல்லூரியில் நீர்ப்பாசிகளை ஆராய்பவள்.

“டேங்க்ல இருக்கிறது நல்ல தண்ணி சார். இங்க சாக்கடை வருது. இந்தப் பாசிய எடுத்து ஒரு ஜாடியில கிணத்துத் தண்ணியோட வெச்சேன், இன்னொண்ணுல ஏரித் தண்ணியோட. ரெண்டையும் கறுப்புத் துணியால மூடினேன். கிணத்துத் தண்ணியில எல்லாம் செத்துப்போச்சு. ஏரித் தண்ணியில பச்சை மட்டும்தான் போச்சு. வேற ஒரு பாசி பெருகிக்கினே இருக்குது. வெயில் இருந்தா அதுல பொழைக்கும். இல்லன்னா பாக்டீரியாவத் தின்னு பொழைக்கும். சாக்கடையில அதுக்குப் பஞ்சமே இல்ல.”

“பாசி தின்னுதாம்பா. சாம்பாரா பிரியாணியான்னு கேட்டியாம்மா?” என்றார் தேவநாதன்.

எல்லோரும் சிரித்தார்கள். சின்னதுரையும் சிரித்துவிட்டு, மகள் முகத்தைப் பார்க்காமல் துண்டை உதறிக்கொண்டார். நிஜாமுதீன் மட்டும் சிரிக்கவில்லை.

“என் மீனு இன்னா ஆவும் தங்கச்சி?”

“வெளிச்சம் இருந்தாத்தான் பாசி தண்ணியில ஆக்ஸிஜன் உடும். மூடிட்டா அது கொறையும். மிச்சத்த சாக்கடையே இழுத்துக்கும். மொதல்ல கொழாய அடைக்கணும் பாய்.”

“கொழாயப் பத்திப் பேச இது எடமில்ல” என்றார் தேவநாதன்.

வலை விரிக்கப்பட்டது. சில வாரங்களில் பச்சை போயிற்று. தேவநாதன் கரையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அடுத்து, தண்ணீர் டீ நிறத்துக்கு மாறி நாறத் தொடங்கியது. ஒரு விடியலில் கெண்டைகள் வலைக்கு அடியில் காற்றுக்காக வாயைப் பிளந்தபடி மிதந்தன.

தேவநாதன் வந்ததும் நிஜாமுதீன் மேல்தான் பாய்ந்தார். “மீனுக்குத் தீனின்னு கோழிக் கழிவக் கொட்டிக்கினு இருந்தா ஏரி தாங்குமாய்யா? குத்தகைய ரத்து பண்ணச் சொல்லிட்டேன்.”

“ஒரு எறகு கூட நான் கொட்டல சார்.”

கலைப்பிரியா வலைக்கடியில் தண்ணீர் மொண்டு, தன் ஏரித் தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில் பிடித்தாள். இரண்டும் ஒரே பழுப்பு.

“மைக்ராஸ்கோப் எடுத்தாந்திருக்கேன். ஒரு தடவ பாத்துட்டுப் பேசுங்க சார்.”

“எனக்கு வேற வேல இல்லியா?”

நிஜாமுதீன் கைலியை மடித்துக் கட்டினார். அரிவாளோடு இறங்கி வலையின் கயிறுகளை வெட்டத் தொடங்கினார்.

“யோவ், அது சர்க்கார் சொத்து. கேஸ் போட்டுடுவேன்.”

“போடு சார். நாறுற தண்ணியில நிக்கிறவனுக்கு உன் கேஸு இன்னா பெரிய பேஜாரு?”

அடுத்து தண்ணீரில் குதித்தவர் சின்னதுரை. வெட்டிய வலையை இருவரும் வடக்குக் கரைக்கு இழுத்துப்போய், கல் வைத்துச் சுருட்டி, மண்டபக் குழாயின் வாயில் திணித்து மிதித்தார்கள். மண்டபத்தில் அன்று முகூர்த்தம்.

கொஞ்ச நேரத்தில் தேவநாதனின் போன் அடித்தது. “இன்னாது, சாக்கடை எதுத்துக்கினு வருதா? கை கழுவுற எடத்துலயா? பந்தி வரைக்குமா?” அவர் குரல் இறங்கியது. “எடுங்கய்யா அத. ஜல்தி.”

“கறுப்பு வலதான் சார்” என்றார் நிஜாமுதீன். “உள்ள வெயிலே படாது. எல்லாம் தானா செத்துடும்.”

தேவநாதனுக்காக யாரும் நகரவில்லை. போன் மறுபடி அடித்தது. மீன்கள் இன்னும் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. நிஜாமுதீன் மிச்ச வலையை அறுக்கத் திரும்பவும் தண்ணீரில் இறங்கினார்.