சத்தம் போடாத மாடல்

சின்னு என்பது வீட்டில் வைத்த செல்லப்பெயர். அலுவலகத்திலும் அதுவே ஒட்டிக்கொண்டதற்கு அவள் அத்தான்தான் காரணம். வேலைக்குச் சேர்ந்த அன்று எல்லோர் முன்னாலும், "சின்னு, உன் இடம் அந்த ஜன்னல் பக்கம்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். அதோடு முடிந்தது. அடையாள அட்டையில் இருந்த பெயரை அப்புறம் யாரும் சீண்டவில்லை.

அத்தான் என்றால் அக்காவின் கணவர்; அந்த அலுவலகத்தில் அவளுக்கு மேலதிகாரியும் அவர்தான். சின்னு பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே அப்பா தவறிவிட்டார். படித்தவரைக்கும் போதும் என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். அப்போது புது மாப்பிள்ளையாக வந்திருந்தவர், "அவ படிக்கட்டும், மத்தத அப்புறம் பார்க்கலாம்" என்று ஒரே வார்த்தையில் அத்தனை வாயையும் அடைத்தார். ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை மூச்சிரைக்க ஓடிவருவார். அவர் ஒன்று சொன்னால் சின்னு ஏன் எதற்கு என்று கேட்டதில்லை.

அந்த நிறுவனம் வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் மெஷின்களைச் செய்தது. நுரையீரல் பலவீனமானவர்கள் மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டால், அது அறைக்காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும். ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் ஒரு சின்ன மென்பொருள். பெரிய திரை, சின்னத் திரை, பேட்டரி உள்ளது, இல்லாதது என்று மாடல்கள் ஏராளம். எந்த மாடலுக்கு மென்பொருளின் எந்தெந்தப் பகுதிகளைச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று சொல்ல மாடலுக்கு ஒரு கான்ஃபிக் ஃபைல் வேண்டும்.

சின்னு வருவதற்கு முன்னால் அதையெல்லாம் கையால்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். பழைய மாடலின் ஃபைலைப் பிரதி எடுப்பார்கள், அங்கே இங்கே மாற்றுவார்கள், எதையாவது மறப்பார்கள். ஒருமுறை பேட்டரியே இல்லாத மாடல் ஒன்று, "பேட்டரியை உடனே சார்ஜ் செய்யவும்" என்று வாங்கியவர்களை நச்சரித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து அலுவலகத்துக்காரர்கள்கூட அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

சின்னு அந்தத் தலைவலிக்கு ஒரு வழி செய்தாள். ஃபைலை மனிதர்கள் எழுதவே வேண்டாம், அதை எழுதும் ஃபங்ஷன்களை, அதாவது ஆளுக்கொரு வேலை செய்யும் குட்டி நிரல்களை, நான் ஸ்கிரிப்டாக எழுதித் தருகிறேன் என்றாள். மாடலின் பெயரையும், திரை எது, பேட்டரி உண்டா என்பதையும் சொன்னால் போதும். திரைக்கான வரிகளை ஒரு ஃபங்ஷன் எழுதும், பேட்டரிக்கான வரிகளை இன்னொன்று எழுதும். முழு ஃபைலும் பிசிறில்லாமல் வந்து விழும். "வர்ற ஃபைல்ல யாரும் கை வைக்கக் கூடாது. மாத்தணும்னா ஃபங்ஷனை மாத்துங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தாள்.

அதில் அலாரம் ஃபங்ஷன் மட்டும் தனி ஜாதி. குழாய் அடைபட்டாலோ ஆக்சிஜன் குறைந்தாலோ மெஷின் கத்த வேண்டும். அதற்கான வரிகளை எழுதும் அந்த ஃபங்ஷன் யாரிடமும் எதையும் கேட்காது. எந்த மாடலாக இருந்தாலும் அதே வரிகளை எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அணைக்கும் வழியை அவள் வேண்டுமென்றே வைக்கவில்லை.

ஒருநாள் அத்தான் காப்பிக் கோப்பையோடு அவள் மேஜைக்கு வந்து நின்றார்.

"சின்னு, கண்காட்சி வருது. போன தடவை மானம் போச்சு. வர்றவன் ஒவ்வொருத்தனும் குழாயை மடக்கி மடக்கிப் பார்க்கிறான். மெஷின் கத்துது, பக்கத்துக் கடைக்காரன் சண்டைக்கு வர்றான். கத்தாத மாதிரி ரெண்டு மூணு மெஷின் வேணும்."

"அலாரம் இல்லாமயா? அது முடியாது அத்தான்."

"விக்கிறதுக்கா கேட்கிறேன்? மேஜை மேல பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கப்போகுது."

சின்னு யோசித்தாள். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. அலாரம் ஃபங்ஷனில் 'கண்காட்சி' என்று ஒரு வாய்ப்பைச் சேர்த்தாள். 'ஆம்' என்று சொன்னால் அலாரம் வரிகள் எழுதப்படாது. ஆனால் அவள் ஏமாளி இல்லை. அந்த வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தால், "கண்காட்சிக்கு மட்டும். நோயாளிக்குப் பயன்படுத்தாதீர்" என்ற வரி திரையில் வந்து நிற்கும்படி அதே ஃபங்ஷனிலேயே முடிச்சுப்போட்டாள். ஒன்று இல்லாமல் மற்றது வராது.

அத்தான் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் நீ வேணும்கிறது" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். சின்னுவுக்கு உச்சி குளிர்ந்தது.

கண்காட்சி முடிந்து கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் வந்தார். இந்தத் தடவை ரொம்பச் சாதாரண விஷயம். திரையில் வரும் வாசகங்கள் ஃபங்ஷன்களுக்குள் ஆங்காங்கே சிதறிக்கிடக்கின்றன, மொழிபெயர்ப்பவர்கள் திண்டாடுகிறார்கள், எல்லாவற்றையும் தனி ஃபங்ஷனாகப் பிரித்துவிட்டால் அவரவர் மொழியில் மாற்றிக்கொள்வார்கள் என்றார். நல்ல யோசனைதான், இது நமக்கே தோன்றியிருக்க வேண்டும் என்று சின்னு நினைத்தாள். ஒரு வாசகத்தையும் விடாமல் எடுத்துத் தனியே வைத்தாள். கண்காட்சி வாசகமும் அதோடு போனது.

அவள் குடியிருந்தது ஒரு மாடி வீட்டில். கீழே ஒரு தையல்காரரும் அவர் மனைவியும். தையல்காரருக்கு வருஷக்கணக்காக நெஞ்சுச் சளி. குனிந்து ஊசியில் நூல் கோத்து நிமிர்வதற்குள் மூச்சு வாங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், புதிதாக வாங்கிய கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கச் சின்னு கீழே போனாள்.

தையல்காரர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். மூக்கில் குழாய். மூலையில் புத்தம்புது ஆக்சிஜன் மெஷின். அதன் நெற்றியில் இருந்த முத்திரையைப் பார்த்ததும் சின்னுவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"இது எங்க கம்பெனி மெஷின்தான்" என்றாள்.

"அப்படியா? டாக்டர் சொல்லி வாங்கினோம்மா. போன வாரம்தான் வந்துச்சு" என்றாள் மனைவி, கால்சட்டையைப் பிரித்துப் பார்த்தபடி.

சின்னு தையல்காரரைத் திரும்பிப் பார்த்தாள். நெற்றி வேர்த்திருந்தது. உதடுகள் வெளிறி, லேசாக நீலம் பாரித்திருந்தன. ஏதோ சரியில்லை என்று பட்டதும் சின்னுவின் கண் குழாயோடு போனது. மெஷினிலிருந்து வந்த குழாய் முக்காலியின் காலுக்கடியில் அகப்பட்டு நசுங்கிக்கிடந்தது. அவள் பாய்ந்து முக்காலியைத் தூக்கினாள். கொஞ்ச நேரத்தில் அவர் நெஞ்சு ஏறி இறங்கத் தொடங்கியது, முகத்தில் ரத்தம் ஓடியது.

"நான்தான் முக்காலியை இழுத்துப்போட்டேன். கவனிக்கலையே" என்று மனைவி பதறினாள்.

சின்னு மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்நேரம் அது ஊரைக் கூட்டியிருக்க வேண்டும். தையல்காரரின் மூக்கிலிருந்து குழாயை ஒரு நிமிஷத்துக்குக் கழற்றச் சொல்லி, அதைத் தானே மடக்கிப் பிடித்தாள். காத்திருந்தாள். மெஷின் தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது.

"இது எப்பவாவது கத்தியிருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. இது சத்தமே போடாத மாடல்னு சொல்லித்தான் குடுத்தாங்க. இவருக்குத் தூக்கம் கெடாதில்ல."

திரையில் "நலமாக இருங்கள்" என்று எழுதியிருந்தது.

சின்னு குழாயை நிமிர்த்தி அவர் மூக்கில் மறுபடி மாட்டிவிட்டாள். கண்காட்சி வாய்ப்பைத் தேர்ந்தெடுத்து, பிரித்து வைத்த வாசகத்தை மட்டும் மாற்றிவிட்டால் இந்த மெஷின்தான் வரும். யாரும் ஃபைலில் கை வைக்க வேண்டியதில்லை. விதியை மீற வேண்டியதில்லை. அவள் எழுதிய ஃபங்ஷன்களே பிசிறில்லாமல் எழுதிக்கொடுத்துவிடும். ஒன்றை அத்தான் கண்காட்சிக்காகக் கேட்டார், மற்றதை மொழிக்காகக் கேட்டார். தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் குற்றம் சொல்ல எதுவும் இல்லை.

"இந்த மெஷின்ல ஒரு கோளாறு இருக்கு. நான் வேற கொண்டுவர்றேன். அதுவரைக்கும் அவர் பக்கத்துல இருந்து நகராதீங்க" என்று சொல்லிவிட்டு நேரே அலுவலகத்துக்குப் போனாள். சோதனைக்கு வைத்திருந்த பழைய மெஷின் ஒன்றைக் காவலாளியிடம் கையெழுத்துப்போட்டு எடுத்து, ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து தையல்காரருக்கு மாட்டினாள். குழாயை மடக்கிப் பார்த்தாள். அது போட்ட கூச்சலில் தையல்காரர் திடுக்கிட்டார். சின்னுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார்.

"வா வா. சாப்பிட்டுப் போகலாம்" என்றாள் அக்கா.

சின்னு உட்காரவில்லை. "அத்தான், கீழ்வீட்டுத் தையல்காரர் வீட்டுல நம்ம மெஷின் இருக்கு. அலாரம் இல்ல."

அவர் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். மறுக்க முயற்சிகூடச் செய்யவில்லை. "உட்கார்" என்றார்.

"எத்தனை வீட்டுக்குப் போயிருக்கு?"

"இங்க பாரு. புது சென்சார் தப்புத்தப்பாக் கத்துது. எல்லாம் சரியா இருக்கும்போதே கத்துது. ஜனங்க எரிச்சல்ல மெஷினையே நிறுத்திடறாங்க. வாங்கினதெல்லாம் திரும்பி வருது. நல்ல சென்சார் வர்ற வரைக்கும் கத்தாம ஓடட்டும்னு விட்டேன். நின்னுபோறதுக்கு ஓடுறது மேல் இல்லையா?"

"இன்னைக்கு ஒருத்தர் உதடு நீலமாகிக் கிடந்தார். அந்த அம்மா பக்கத்துலயேதான் நின்னாங்க, அவங்களுக்குத் தெரியல. இதை என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ செஞ்சிருக்க மாட்டே."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அவளை நன்றாகத் தெரிந்தவர் என்ற உரிமையில் சொன்னார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. எந்தப் பக்கம் தள்ளினால் இவள் எந்தப் பக்கம் போவாள் என்று கணக்காகத் தெரிந்துவைத்துத் தள்ளியிருக்கிறார்.

"நாளைக்கு நான் தரச்சோதனைப் பிரிவுல சொல்லப்போறேன்" என்றாள்.

"சொல்லு. அலாரத்தை அணைக்கிற ஃபங்ஷனை எழுதினது யாருன்னும் கேட்பாங்க. அதுக்கும் பதில் வச்சுக்கோ."

சின்னு அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா ஒரு சட்டையை மடித்து முடித்து, மறுபடியும் பிரித்து மடித்தாள்.

"அக்கா, நீயாவது சொல்லேன்."

"நான் என்னத்தைச் சொல்ல? அவர் வேலை போயிடும்னு ராப்பகலா தவிச்சார். உன்கிட்ட கேட்கலாம்னுதான் இருந்தார். நீ முரண்டு பிடிப்பே, கண்காட்சிக்குன்னு சொல்லிக் கேளுங்கன்னு நான்தான் சொன்னேன்."

தொலைக்காட்சியில் யாரோ வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் செய்ததைக்கூடச் சின்னு வேலைப் பயம் என்று எப்படியாவது மென்று விழுங்கியிருப்பாள். ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள், இவளை எப்படி ஏமாற்றலாம் என்று உட்கார்ந்து வழி சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அத்தான் தோளில் தட்டிக்கொடுத்ததை வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னாரோ என்னவோ. சொல்லியிருப்பார். சிரித்திருப்பார்களா என்று நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அதை அங்கே காட்ட மனமில்லாமல் படியிறங்கினாள்.

தரச்சோதனைத் தலைவியைப் பூதக்கண்ணாடி என்று எல்லோரும் முதுகுக்குப் பின்னால் அழைப்பார்கள். அவர் அறைக்குச் சின்னு காலையிலேயே போனாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். பூதக்கண்ணாடி இடைமறிக்காமல் கேட்டுவிட்டு, "அந்த வாய்ப்பைச் சேர்த்தது யாரு?" என்றார்.

"நான்தான்."

"வாசகத்தைப் பிரிச்சது?"

"அதுவும் நான்தான்."

அன்றைக்கே ஆட்கள் வீடு வீடாகப் போகத் தொடங்கினார்கள். மெஷின்களில் அலாரத்தோடு மென்பொருளை மாற்றி ஏற்றினார்கள், சென்சாரையும் மாற்றினார்கள். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை என்று நிர்வாகம் அறிவித்தது. சின்னுவுக்கு அதை நம்ப ஆசைதான். ஆனால் அந்தத் திராணி அவளிடம் மிச்சமில்லை.

விசாரணையில் அத்தான், கண்காட்சிக்கு மெஷின் கேட்டது மட்டும்தான் தன் வேலை, அந்த வாய்ப்பு விற்பனை மாடலுக்கும் வேலை செய்யும்படி விட்டது எழுதியவளின் கவனக்குறைவு என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல், அவளுடைய அடையாள அட்டைப் பெயரைச் சொல்லி அதைச் சொன்னார். பூதக்கண்ணாடி அதை நம்பவில்லை. இருந்தாலும் இரண்டு பேரும் தப்பவில்லை. அவரை வெளியேறச் சொன்னார்கள். கொஞ்ச நாளிலேயே வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார். சின்னுவிடமிருந்து ஃபங்ஷன்களைப் பிடுங்கி வேறொருவரிடம் கொடுத்தார்கள். கொடுக்கும் முன்னால் அவள் ஒரே ஒரு வேலை கேட்டு வாங்கிச் செய்தாள். கண்காட்சி வாய்ப்பை எடுத்தாள். அலாரம் வரிகள் இல்லாத ஃபைலை யார் கேட்டாலும் ஸ்கிரிப்ட் எழுத மறுத்து நின்றுவிடும்படி செய்தாள்.

அதற்கப்புறம் அக்காவிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த அன்றுதான் இருவரும் மறுபடி பார்த்துக்கொண்டார்கள். சின்னு பழப்பையோடு உள்ளே நுழைந்தாள். அக்கா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வாங்க" என்றாள். "உட்காருங்க. தண்ணி கொண்டுவரட்டுமா?"

கண்ணில் கட்டோடு படுத்திருந்த அம்மா, "யாருடி வந்திருக்கிறது?" என்று கேட்டாள்.

அக்கா தண்ணீர் எடுக்க அடுப்படிக்குள் போனாள். சின்னு போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தாம்மா" என்றாள்.